பல்லழகரின் கையெழுத்து

சும்மா சொல்லக்கூடாது, ஒருநாள்கூட விமானம் ஏறாமல் விமான நிலையத்தை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது நம் பல்லழகர்தான். எந்தக் கதவு ஆளைக் கண்டதும் திறக்கும், எது முறைத்துக்கொண்டு நிற்கும், எந்தத் தள்ளுவண்டிக்குச் சக்கரம் கோணல், எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணாடி வழியே ஓடுபாதை முழுசாகத் தெரியும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சோதனை நடக்கும் இடத்தில் கட்டியிருக்கும் நீலப் பட்டை வரைக்கும்தான் அவருடைய ராஜ்ஜியம். அதைத் தாண்டி ஓர் எட்டு வைத்தவரில்லை.

பல்லழகர் என்பது பட்டப்பெயர். பொய்ப்பல் செய்வது தொழில். பல் மருத்துவர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லைப் பல்லாகப் பதித்து, அரத்தால் ராவி, பளபளவென்று தேய்த்து அனுப்புவார். ஊருக்கெல்லாம் வரிசையாகப் பல் கட்டித் தருகிற மனிதருக்குச் சொந்த முன்பற்கள் இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட சகலைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் அந்தப் பெயர். வைத்தது கீழ்வீட்டு முடிதிருத்துபவர். அவருடைய தலையில் ஒரு முடி கிடையாது என்பதைப் பல்லழகர் திருப்பிச் சொல்லிக் காட்டியதில்லை. அத்தனை நல்ல மனசு.

நல்ல மனசு மட்டுமில்லை, கனா காணும் மனசு. வேலை செய்யும் அறைக்கு ஒரே ஒரு பெரிய ஜன்னல். அதற்கு நேர் மேலேதான் விமானங்கள் இறங்கும் வழி. மதிய நேரத்தில் ஒரு விமானம் போனால் மேசையில் வரிசையாக வைத்திருக்கும் மாவுத் தாடைகள் அத்தனையும் கிடுகிடுவென்று நடுங்கும். பல்லழகருக்கு அவை தன்னிடம் பேச வாயெடுக்கிற மாதிரி இருக்கும். கையில் மெழுகு இளகிக்கொண்டிருக்க, கண் எங்கேயோ போய்விடும். தான் செய்த பற்கள் யாரோ ஒருவர் வாயில் ஏறி, கடல் தாண்டி, பெயர் தெரியாத பழம் ஒன்றைக் கடித்துப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வார். பழத்தின் சாறுகூட அவருக்கு நாக்கில் இனிக்கும். "அண்ணா, மெழுகு ஒழுகுது!" என்று பக்கத்து மேசையிலிருந்து யாராவது கத்தினால்தான் மனிதர் தரையிறங்குவார்.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கிரெடிட் கார்டு வந்து சேர்ந்ததுதான் கூத்து. வங்கிக்காரர் ஒருவர் வேலையிடத்துக்கே வந்து எல்லாருக்கும் கொடுக்கிறேன் என்றார். மற்றவர்கள் பயந்து ஒதுங்கினார்கள். இவர் அதன் வழவழப்பைத் தடவிப் பார்த்தார், பல்லுக்கு மெருகு போட்ட மாதிரி இருந்தது, வாங்கிக்கொண்டார். அவர் குடியிருந்த கட்டடம் முழுவதற்கும் அது ஒன்றுதான் கார்டு. அக்காவைப் பார்க்கப் போக முதன்முதலில் டிக்கெட் கேட்டு வந்தவர் நம் முடிதிருத்துபவர். பல்லழகர் கணினி முன்னால் உட்கார்ந்து, நாக்கை வெளியே நீட்டியபடி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் போட்டுக் கொடுத்தார். ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பின மனிதர், விமான நிலையத்திலிருந்து அலறினார்.

"அய்யா சாமி, என்னைத் திருடன் மாதிரி நிக்க வச்சுட்டாங்க! காசு கட்டின கார்டு எங்கேங்கிறாங்க! கார்டுக்காரர் யாருங்கிறாங்க! ஓடி வாய்யா!"

அப்போதுதான் அந்த விதி தெரிந்தது. பயணம் போகிறவர் ஒருவர், கார்டுக்குச் சொந்தக்காரர் வேறொருவர் என்றால் அந்த விமான நிறுவனம் சும்மா ஏற்றாது. திருட்டுக் கார்டில் டிக்கெட் போட்டுவிட்டு ஆள் பறந்துவிட்டால் யார் பொறுப்பு? அதனால் கார்டுக்காரர் முன்கூட்டியே கார்டின் நகலோடு ஒரு சம்மதக் கடிதம் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பாவிட்டால் நேரில் வந்து, கார்டைக் காட்டி, "இவருடைய பயணத்துக்கு நான்தான் பணம் கட்டினேன், எனக்குச் சம்மதம்" என்ற தாளில், கார்டின் பின்புறம் இருக்கிற அதே கையெழுத்தைப் போட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டிக்கெட் போச்சு. பல்லழகர் மேலங்கியும் மாவு படிந்த கையுமாக ஓடினார். கையெழுத்துப் போட்டார். முடிதிருத்துபவர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதே விட்டார்.

அன்றைக்கு அவர் உடனே திரும்பவில்லை. கண்ணாடிக்கு அருகே உட்கார்ந்து, விமானம் ஓடுபாதையில் மெதுவாக நகர்ந்து, யோசித்து, திடீரென்று முடிவெடுத்தது மாதிரி பாய்ந்து மேலே போனதைப் பார்த்தார். வெளிச்சம் தரையெல்லாம் பாலாகக் கொட்டிக் கிடந்தது. பெட்டிகள் சத்தமில்லாமல் உருண்டன. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஊர்ப்பெயர்களைத் தாலாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது. கனவுக்குள் நுழைய இவ்வளவு சுலபமான வாசல் இருக்கிறதா என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அதற்குப் பிறகு யாருக்கு டிக்கெட் போட்டாலும் அவர் கடிதம் அனுப்பியதே இல்லை. நேரில்தான் போவார். "கடுதாசி அனுப்பினாப் போதுமே, எதுக்கு லீவு போட்டு அலையறீங்க?" என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். "நம்ம முகத்தைக் காட்டினாத்தான் மரியாதை" என்பார். மரியாதையாவது மண்ணாவது! ஆசை, வேறென்ன? மாடிவீட்டு மாப்பிள்ளை, பால் போடுகிறவரின் மைத்துனி, நாதஸ்வரம் மாதிரி நீளமான தன் முதலாளி, இப்படி எத்தனையோ பேரைக் கையெழுத்துப் போட்டே வானத்தில் ஏற்றிவிட்டார். கவுண்டரில் உட்காரும் பெண்ணுக்கு அவர் பழகின முகமாகிவிட்டார். "வாங்கண்ணா, இன்னிக்கு யாரை அனுப்பறீங்க?" என்பாள். தன் கையெழுத்துக்கு இத்தனை சக்தியா என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பீற்றிக்கொள்வார்.

மனைவியைப் பற்றிச் சொல்லாமல் விட்டேனே! அவள் நாடகக் கொட்டகையில் உடை தைப்பவள். அட்டைக் கிரீடம் வைத்த ராஜாக்களுக்கு அங்கி, காகித இறக்கை கட்டின தேவதைகளுக்குப் பாவாடை. வீட்டின் முன்னறை முழுக்க அவளுடைய துணிகள்தான். சாப்பிட உட்கார்ந்தால் மடியில் ஜரிகை விழும். நாற்காலியில் ஊசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் பல்லழகர் உட்காருவார். பிள்ளை இல்லை. அதைப் பேசிப் பேசி ஓய்ந்து, பிறகு ஒருவரையொருவர் சீராட்டிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அவர் கனா காண்பார், அவள் அதைக் கேட்டுவிட்டு, "ம்ம், அப்புறம்?" என்பாள். அந்த "அப்புறம்" இல்லையென்றால் அவருக்குக் கனவே ஓடாது.

கடல் கடந்து வந்த நாடகக் குழு ஒன்று அந்தக் கொட்டகையில் சில நாள் நாடகம் போட்டது. குழுத் தலைவி அவள் தைத்த ஓர் அங்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். பின்னாலேயே அழைப்பு வந்துவிட்டது. அங்கே பெரிய அரங்கில் உடைப் பிரிவுக்கே தலைமை. மூன்று வருஷம். இடையில் விடுமுறை கிடையாது, துணைக்கு ஆள் அழைத்து வரவும் முடியாது. சொன்ன நாளில் வந்து சேராவிட்டால் காத்திருக்கும் அடுத்தவருக்கு இடம் போய்விடும்.

அவள் அழைப்பை அவரிடம் நீட்டினாள். பல்லழகர் படித்தார். படித்து முடிக்கும் முன்பே, "போ! கண்டிப்பா போகணும்!" என்றார். சொன்னது மட்டுமா, அப்படியே கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். யார் கேட்டாலும் செய்கிற வேலைதானே, விரல்கள் தாமாக ஓடின. பெயர், நாள், கார்டு எண், முடிந்தது. திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவரை ஊருக்கு அனுப்புகிற மாதிரியே அனுப்பிவிட்டோமே, போகிறவள் இவளாயிற்றே என்று அந்த நொடிதான் உறைத்தது. பாவி விரல்கள்! திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட் அது.

"இந்தத் தடவையாவது கடுதாசி அனுப்பிடலாங்க" என்றாள் அவள். "அங்கே வந்து நின்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"எனக்கென்ன கஷ்டம்? ஜம்முனு வந்து கையெழுத்துப் போட்டு உன்னை ஏத்திவிடுவேன்" என்றார், முன்பற்கள் இரண்டையும் காட்டி.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவருக்கு நாட்களாகவே இல்லை. தண்ணீருக்கு அடியில் நடக்கிற மாதிரி இருந்தது. பகலில் மேசையில் தலை சாயும்; உடனே கனவு. ஒரு கனவில் அவள் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பறந்து போகிறாள். மறுமுனை இவர் கையில். நாடா நீண்டுகொண்டே போகிறது, எண்கள் தீர்ந்தே போகவில்லை. இன்னொன்றில் தையல் இயந்திரம் தன்பாட்டுக்கு வீட்டு ஜன்னல் திரைகளையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுகிறது. வெளியே போக வழியே இல்லை. அவருக்கு அந்தக் கனவு பிடித்திருந்தது. விழித்ததும் வெட்கமாக இருந்தது. அவளிடம் அவற்றைச் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளுக்குச் சொல்லாமல் ஒளித்த கனவுகள் அவைதான்.

அவளும் ஏதும் கேட்கவில்லை. பெட்டியில் துணி அடுக்கினாள், எடுத்தாள், திரும்ப அடுக்கினாள். அவருடைய சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் இறுக்கித் தைத்தாள். நன்றாக இருந்த பொத்தான்களையும் பிய்த்துவிட்டுத் தைத்தாள். "போதும் விடு, கழுத்து நெரியுது" என்றார் இவர். "நெரியட்டும்" என்றாள் அவள்.

கிளம்பும் நாளன்று வெயில் இதமாக அடித்தது. முடிதிருத்துபவர் கடையை மூடிவிட்டுப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். "தங்கச்சி, அங்கே போய் எங்களை மறந்துடாதே. இந்த ஆளை நான் பாத்துக்கிறேன், மாசம் தவறாம முடி வெட்டிவிடுறேன்" என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டார். வண்டி கிளம்பியது. மரங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

கண்ணாடிக் கதவு திறந்தது. அதே பால் வெளிச்சம், அதே தாலாட்டுக் குரல். பல்லழகருக்கு மட்டும் எல்லாம் கொஞ்சம் தள்ளித் தெரிந்தது. வரிசை நகர்ந்து கவுண்டருக்கு வந்தார்கள்.

"வாங்கண்ணா! இன்னிக்கு யாரை அனுப்பறீங்க?"

"என் சம்சாரத்தை" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது.

பெண் சிரித்தபடி கடவுச்சீட்டைப் பார்த்தாள், பெட்டியை எடை போட்டாள், கார்டை வாங்கினாள், அவருடைய அடையாள அட்டையை வாங்கினாள், தாளை நீட்டினாள். அதே வாசகம். 'இவருடைய பயணத்துக்கு நான்தான் பணம் கட்டினேன், எனக்குச் சம்மதம்.' எத்தனையோ முறை பார்த்த வரி, அன்றைக்குத்தான் படித்தார். பேனாவை எடுத்துப் போட்டார்.

பெண் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். "அண்ணா, ஒத்துப்போகலையே."

எட்டிப் பார்த்தார். முதலெழுத்து பாதியில் மடங்கி, மீதியெல்லாம் சரிந்து, மழையில் நனைந்த கோழி மாதிரி கிடந்தது. மயிரிழை பிசகாமல் பல் செதுக்குகிற கை! "பேனா சரியில்ல" என்றார்.

வேறு பேனா கொடுத்தாள். இன்னொரு தாள். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் போட்டார். போட்டது சின்னப் பிள்ளை எழுதிப் பழகின மாதிரி இருந்தது. பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

பெண்ணின் சிரிப்பு போய்விட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணா, எனக்கு உங்களைத் தெரியும். ஆனா இது மேலே கையெழுத்தை ஒத்துப் பார்க்கிற மெஷினுக்குப் போகும். ஒத்துப்போகலேன்னா யாரோ மிரட்டிப் போட வச்சாங்கன்னுதான் எடுத்துக்குவாங்க. மூணு தடவைதான் விடுவோம். மூணாவதும் இப்படி வந்தா டிக்கெட் ரத்தாயிடும். இன்னிக்கு வேற இடமும் இல்ல."

"தண்ணி குடிச்சிட்டு வரட்டும்மா, ஒரு நிமிஷம்" என்று மனைவி அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடுபாதை தெரிகிற அதே நாற்காலி. ஆனால் அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தன் வலது கையை மடியில் வைத்து, அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நான் வேணும்னு பண்ணல" என்றார். "சத்தியமா சொல்றேன்."

"தெரியுங்க."

"இந்தக் கை இருக்கே, இது பொய் சொல்ல மாட்டேங்குது. சம்மதம்னு போட்டிருக்கு அதுல. எனக்கு..." நிறுத்தினார். பிறகு கட்டு அறுந்தது மாதிரி வந்தது எல்லாம். "எனக்குச் சம்மதமில்ல. போன்னு சொன்ன வாயை அன்னிக்கே தச்சிருக்கணும். நீ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன்? யார்கிட்ட போய்க் கனவு சொல்லுவேன், அந்த மொட்டைத்தலையன்கிட்டயா? மூணு வருஷம்! போகாதேன்னு உன் காலைக் கட்டிக்கணும் போல இருக்கு. ஆனா நீ போகலேன்னா அதைவிட எனக்குக் கேவலம் வேற எதுவும் கிடையாது. ரெண்டும் நிஜம். நான் என்ன செய்யட்டும் சொல்லு."

அவள் அவர் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். மேலே அந்தக் குரல் வேறு யாரோ ஒரு பயணியைப் பெயர் சொல்லிக் கடைசி முறையாகக் கூப்பிட்டது.

"இத்தனை நாள் கழிச்சு இப்பவாவது சொன்னீங்களே" என்றாள். "வீட்டுல வாயைத் திறந்தா ஜம்முனு ஏத்திவிடறேன்னீங்க. எனக்கு வந்த கோபம் இருக்கே, உங்க கழுத்துப் பொத்தான் எல்லாத்தையும் இறுக்கித் தச்சேன்."

அவருக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்க, கடைசித் தடவை போடுங்க" என்று எழுந்தாள். "சரியா வந்தா நான் போறேன். வரலேன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம். சொல்லிக்காட்ட மாட்டேன், ஆயுசுக்கும் மாட்டேன். நான் ஒண்ணும் சும்மா சொல்லல."

அவள் முகத்தைப் பார்த்தார். உண்மையாகத்தான் சொன்னாள். இனி யார்மேலும் பழி போட முடியாது. விதிமேல் முடியாது, மெஷின்மேல் முடியாது. கொஞ்சம் கோணலாக இழுத்துவிட்டால் போதும். மாலையில் வீட்டில் தையல் இயந்திரம் ஓடும். மடியில் ஜரிகை விழும். "ம்ம், அப்புறம்?" என்று கேட்கும் குரல் பக்கத்திலேயே இருக்கும். யாருக்கும் தெரியாது, அவளுக்குக்கூடத் தெரியாது. அந்த வீட்டைக் கவுண்டர்முன் நின்றபடி ஒரு கனவு முழுக்கப் பார்த்தார். அத்தனை அழகாக இருந்தது அது.

பிறகு பேனாவை எடுத்தார். முதலெழுத்தின் வளைவு, நடுவில் அந்தச் சுழி, கடைசியில் மேலே எறிகிற கோடு, எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. கவுண்டர் பெண் கார்டையும் தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். "அச்சு அசல்!" என்றாள்.

பல்லழகர் வெற்றி பெற்றவர் போல மனைவியின் பக்கம் திரும்பினார். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. பரிசு நழுவின குழந்தையின் முகம் அது. மறைத்துக்கொள்ள அவளுக்கு நேரமில்லை, அவர் பார்த்துவிட்டார்.

"அடப்பாவி மனுஷா" என்றாள், உதடு துடிக்க. "போட்டுட்டீங்களே!"

இருவரும் அப்படியே நின்றார்கள். கவுண்டர் பெண் பெட்டியில் சீட்டை ஒட்டி, பெட்டிகளைக் கொண்டுபோகும் ஓடும் பட்டைமேல் தள்ளிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.